கழுத்து வீக்கமெல்லாம் கண்டமல்ல

கண்டம் என்பது ஒரு சொல். அதன் பொருளோ பல. கண்டம் என்பது கழுத்து. நஞ்சைக் கழுத்திலே தாங்கிய பெருமானை நீலகண்டன் என்று வழிபடுகின்றோம். கண்டம் என்பது துண்டு. கண்டம் என்பது பெருநிலப் பரப்பு. சாதகம் பார்ப்பவர், "இந்தப் பிள்ளைக்கு நீரிலே கண்டம்" என்று கூறும்பொழுது, அது உயிருக்கு வரும் இடர். கழுத்தும் இடரும் ஒரு சொல்லிலே குடியிருத்தல் மொழியின் விளையாட்டு. நம் வன்னி நாட்டிலோ அவ்விரண்டும் மக்கள் மனத்திலும் ஒன்றாகிவிட்டன. கழுத்திலே சிறிது வீங்கினாற் போதும். அது புற்றுநோயே என்று துணிந்துவிடுகின்றனர்.

அவ்வாறு துணிந்தவர் வைத்தியசாலைக்கு விரைகின்றாரா என்றால், அதுவும் இல்லை. அஞ்சியவர் வீக்கத்தைச் சேலைத் தலைப்பால் மறைக்கின்றார். அஞ்சாதவர், "வந்தது போல வற்றிவிடும்" என்று வாளா இருக்கின்றார். அச்சமும் அலட்சியமும் வேறு வேறு குணங்கள். அவற்றின் விளைவு ஒன்றே. காலம் வீணே கழிகின்றது.

நான் வைத்தியனல்லன்; தமிழ் கற்பிப்பவன். வகுப்பறையிலே நாள்தோறும் பிள்ளைகளின் முகத்தையும் கழுத்தையும் எதிரே காண்பவன் என்பதும், சொல்லையும் பொருளையும் ஆராய்வதைத் தொழிலாக உடையவன் என்பதுமே இப்பொருளைப்பற்றி எழுத எனக்குள்ள உரிமை. பிள்ளைகளிடத்தும் இளையோரிடத்தும் தோன்றும் கழுத்து வீக்கங்களிற் பெரும்பாலானவை புற்றல்ல என்பது மருத்துவர்கள் ஒப்பிய உண்மை. அவற்றை ஒன்றினின்றும் ஒன்று பிரித்தறிவதற்கு வேண்டிய சொற்களை நம் முன்னோர் ஆக்கி வைத்துள்ளனர். அச்சொற்களை மறந்தமையே நமது அச்சத்துக்குப் பாதிக் காரணம் என்பது என் கருத்து.

நான்கு பெயர்கள்

கூகைக்கட்டு, நெறி, கண்டமாலை, கழலை என்பன அப்பெயர்கள்.

கூகைக்கட்டு என்பது காதின் முன்னும் கீழும் கன்னம் பருத்து வருவது. கூகை என்பது பேராந்தை. இருபுறமும் கன்னம் பருத்து, கழுத்து மறைந்து, முகம் வட்டமாகிவிட்ட பிள்ளையைக் கண்டவர்களுக்கு அப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. தமிழகத்தார் இதனைப் பொன்னுக்குவீங்கி என்பர். பொன்னை விரும்பி வீங்கிய நோயாம். ஆதலாற் பிள்ளையின் கழுத்திலே பொற்சங்கிலி இடுவதும் உண்டு. புட்டாளம்மை, தாளம்மை என்றும் இதற்குப் பெயர் வழங்கும். அம்மை வகையிலே சேர்த்து எண்ணியமையால், இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது என்பதை முன்னோர் கண்டிருந்தனர் என்பது பெறப்படும்.

நெறி என்பது, உடம்பில் ஓரிடத்திலே புண்ணோ காய்ச்சலோ வந்தபொழுது, தாடையின் கீழும் கழுத்தின் பக்கத்தும் திரண்டு நோகும் சிறு முடிச்சு. "நெறி கட்டியிருக்கிறது" என்பது இன்றும் நம் வீட்டு வழக்கு. கண்டமாலை என்பது, கழுத்தைச் சுற்றி மாலையிற் கோத்த மணிகள்போல ஒன்றன்பின் ஒன்றாய்த் திரள்வது. கழலை என்பது, நோவின்றி மெல்ல மெல்ல ஆண்டுக் கணக்கில் வளர்வது. கழலுதல் என்றால் நெகிழ்தல், நழுவுதல். விரலை வைத்தால் தோலின் கீழே நழுவிப் போகும் கட்டியின் இயல்பை அச்சொல் நமக்கு நினைப்பூட்டுகின்றது.

இப்பெயர்களை மேலோட்டமாகப் பார்த்து விடுதல் ஆகாது. முதலாவது, உமிழ்நீர்ச் சுரப்பியின் வீக்கம். இரண்டாவதும் மூன்றாவதும், நிணநீர்க் கணுக்களின் வீக்கம். நான்காவது, பெரும்பாலும் தைரொயிட்டுச் சுரப்பியின் வீக்கமோ கொழுப்புக் கட்டியோ ஆம். எங்கே இருக்கின்றது, ஒன்றா பலவா, நோகின்றதா, எத்தனை நாளாக இருக்கின்றது என்னும் நான்கு வினாக்களையே இன்றைய மருத்துவரும் முதலிற் கேட்கின்றார். அவ்வினாக்களுக்குரிய விடைகள் அப்பெயர்களின் உள்ளேயே கிடக்கின்றன.

தமிழிலே இத்தகைய பொருள்களைச் சொல்ல இயலுமோ என்று ஐயுறுவார்க்கு ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்து அரசர் காலத்திலே எழுந்த பரராசசேகரம், செகராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் ஒருபுறம் இருக்கட்டும். 1847இல் அமெரிக்க நாட்டிலிருந்து வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். இரணவைத்தியம் முதலிய பெருநூல்களைத் தமிழிலே வெளியிட்டார். அந்நியர் ஒருவர் செய்த பணியை நாம் ஒரு கட்டுரையளவிலேனும் தொடர்தல் தகும்.

கன்னத்தின் வீக்கம்

வாயிலே நீர் ஊறுவதற்குப் பெருஞ்சுரப்பிகள் மூன்று இணைகள் உண்டு. காதின் முன்னும் கீழும் அமைந்தது கன்னச் சுரப்பி, இதுவே பெரியது. தாடையெலும்பின் உட்புறமாய்க் கீழே அமைந்தது தாடைக்கீழ்ச் சுரப்பி. நாவின் அடியிலே கிடப்பது நாவடிச் சுரப்பி. இவையும் வாய் முழுவதும் பரந்து கிடக்கும் நுண்சுரப்பிகளும் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. புளியம்பழத்தை நினைத்த மாத்திரத்திலே வாயூறுகின்றதே, அது இச்சுரப்பிகளின் வேலை.

கூகைக்கட்டு கன்னச் சுரப்பியைப் பற்றும் ஒரு வைரசு நோய். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலே கிரேக்க வைத்தியர் இப்போகிரட்டீசு, தாசொசு என்னும் தீவிலே பரவிய இந்நோயை எழுதிவைத்தார். காதருகே வீக்கம், சிலரிடத்து விதையும் வீங்குதல் என்று அவர் கண்ட குறிகள் இன்றும் மாறவில்லை. நோயை உண்டாக்குவது ஒரு வைரசு என்பதை 1934இல் அமெரிக்க அறிஞர்களாகிய ஜோன்சன், குட்பாஸ்டர் என்போர் நிறுவினர். 1963இல் மொரிசு இல்மன் என்னும் அறிஞர் தம் மகளுக்கு இந்நோய் கண்டபொழுது, அவள் தொண்டையிலிருந்து எடுத்த வைரசைப் பல முறை வளர்த்து வலி குன்றச் செய்து தடுப்பு மருந்தாக்கினார். 1967 முதல் அம்மருந்து வழக்கில் வந்தது. இலங்கையிலே, சின்னமுத்து, கூகைக்கட்டு, உருபெல்லா என்னும் மூன்றையும் தடுக்கும் ஊசி 2011 முதல் பிள்ளைகளுக்கு இலவசமாக இடப்பட்டு வருகின்றது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. 2011க்கு முன்னே பிறந்து, போர்க்காலத்தில் வளர்ந்த நம் இளைஞர் பலர் இந்த ஊசியைப் பெற்றவரல்லர். பிள்ளைப் பருவத்திலே வந்தால் இந்நோய் பெரும்பாலும் எளிதிற் கழியும். பருவமடைந்த ஆண்களுக்கு வந்தால் 100க்கு 15 முதல் 30 பேர்வரை விதை வீக்கம் காண்பர். அதனால் மலட்டுத்தன்மை வந்துவிடும் என்று அஞ்சுவோர் பலர். முழுமையான மலட்டுத்தன்மை மிக அரிது. சிலருக்கு மூளையுறையிலே அழற்சி உண்டாகலாம். அரிதாக ஒரு காது செவிடாகலாம். ஆதலின் கடுந்தலையிடியும் வாந்தியும் கண்டால் வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

தொற்றியபின் வீக்கம் தோன்றுவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் செல்லும். வீக்கம் தோன்றியபின் ஐந்து நாள்வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாதிருத்தல் ஏனைய பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றிடும் தாயாரை நான் தடுக்கமாட்டேன். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைப்பவரையும் தடுக்கமாட்டேன். நோய் தன் காலத்திலே தணியும். அவர் மனமும் ஆறுதலடையும். நீரும் கஞ்சியும் கொடுத்து, புளிப்பை விலக்கி, பிள்ளையை ஓய்ந்திருக்கச் செய்தலே இதற்குரிய பெருமருந்து.

கல்லும் வறட்சியும்

உணவருந்தத் தொடங்கியவுடன் தாடையின் கீழே ஒரு புறம் மட்டும் திடீரென வீங்கி நோகின்றது. உண்டு முடித்து ஒரு மணி, இரண்டு மணி நேரத்திலே வற்றிவிடுகின்றது. அடுத்த வேளை மீண்டும் வருகின்றது. இவ்வாறு வந்து வந்து போவதைப் பேயின் வேலை என்று பார்வை பார்ப்பித்தவர்களும் உளர். இது உமிழ்நீர்க் கல்லின் வேலை. உமிழ்நீரிலுள்ள கல்சிய உப்பு படிந்து சிறு கல்லாகிச் சுரப்பியின் குழாயை அடைத்துக்கொள்கின்றது. உண்ணும்பொழுது சுரக்கும் நீர் வெளியேற வழியின்றித் தேங்க, சுரப்பி வீங்குகின்றது. இத்தகைய கற்களில் 100க்கு 80க்கு மேற்பட்டவை தாடைக்கீழ்ச் சுரப்பியிலேயே தோன்றும். அதன் நீர் தடித்தது, குழாய் நீண்டு மேல்நோக்கிச் செல்வது என்பன காரணம்.

வன்னிக் கிணற்று நீரின் கடினத்தன்மையே இக்கல்லுக்குக் காரணம் என்று பலர் கூறக் கேட்டிருக்கின்றேன். அப்படியொரு தொடர்பு நிறுவப்படவில்லை. நீரின் கடினத்தைவிட, நீர் குடியாமையையே நாம் நோக்கல் வேண்டும். சோளகக் காற்று அனலாய் வீசும் நாள்களிலே, வயலிற் காலைமுதல் நின்று உழைப்பவர் ஒரு குவளை வெறுந்தேநீரோடு நண்பகல்வரை இருந்துவிடுகின்றார். உடம்பு நீர் வற்றினால் உமிழ்நீரும் வற்றும். ஓட்டம் குன்றிய குழாயிலே கல் படியவும் இடமுண்டு, வாயிலுள்ள கிருமிகள் உள்ளே ஏறவும் இடமுண்டு. அவ்வாறு கிருமி ஏறிய சுரப்பி சிவந்து, சுட்டு, நொந்து, வாயினுள்ளே சீழ் கசியும். சத்திரசிகிச்சைக்குப்பின் நீராகாரமின்றிக் கிடக்கும் முதியோருக்கும், வாயை உலரச் செய்யும் மாத்திரைகளை உண்போருக்கும் இது வருவதுண்டு. நீர் நிரம்பக் குடித்தல், வாயைத் தூய்மையாக வைத்தல், கல்லானால் தேசிக்காய்ப் புளிப்பைச் சுவைத்து நீரை ஊறச்செய்து சுரப்பியை மெல்ல நீவிவிடுதல் என்பவற்றாற் சிறு கற்கள் தாமே வெளிவருதலுமுண்டு. பெரிய கல்லை வைத்தியர் எடுப்பார். சீழும் காய்ச்சலும் கண்டால் கைவைத்தியம் போதாது.

நோவின்றி இரு கன்னமும் பருத்திருத்தல் வேறொரு வகை. நெடுநாள் ஊட்டக்குறைவு, நீரிழிவு, இடையறாத மதுப்பழக்கம், ஈரல்நோய் என்பவற்றால் இது வரும். குடிகாரர் ஒருவரின் கன்னம் பருத்ததைக் கண்டு, "ஆள் நல்லாய்க் கொழுத்திருக்கிறார்" என்று ஊரார் வியப்பதுண்டு. உண்மையிலே அது உள்ளுறுப்பின் முறைப்பாடு. நடுவயதுப் பெண்களிலே கண்ணும் வாயும் உலர்ந்து கன்னச் சுரப்பி வீங்குமாயின், உடம்பின் காவற்படை தன் சுரப்பிகளையே பகையென எண்ணித் தாக்கும் நோயாக இருக்கலாம். 1933இல் சுவீடன் தேசத்துக் கண்வைத்தியர் சோகிறென் இதனை விரித்தெழுதியமையால் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இனி, காதின் கீழே நோவற்ற ஒரு கட்டி, உருண்டையாய், ஆண்டுக்கணக்கிலே மெல்ல வளர்வதுண்டு. கன்னச் சுரப்பியிலே தோன்றும் கட்டிகளில் 100க்கு ஏறத்தாழ 80 புற்றல்லாதவையே. ஆயினும் அவற்றுட் சில, நெடுங்காலம் விடப்பட்டாற் புற்றாய்த் திரியக்கூடும். முகத்தை அசைக்கும் நரம்பு அச்சுரப்பியின் ஊடே செல்வதால் சத்திரசிகிச்சை நுட்பமானது. கட்டி சிறிதாயிருக்கும்போதே செய்துகொள்ளல் நலம். தாடைக்கீழ்ச் சுரப்பியிலும் சிறுசுரப்பிகளிலும் வரும் கட்டிகளில் இந்த விகிதம் இத்தனை ஆறுதல் தருவதன்று. அவற்றைத் தாமதமின்றிக் காட்டல் வேண்டும்.

நெறியும் அதன் தூதும்

கழுத்திலே நிணநீர்க் கணுக்கள் மிகப் பல உண்டு. அவை உடம்பின் காவலரண்கள். பக்கத்து ஊரிலே பகைவர் புகுந்தால் அரணிலே ஆள் சேர்வதுபோல, தொண்டையிலோ பல்லிலோ தலையிலோ கிருமி புகுந்தால் அவற்றுக்கு அண்மையிலுள்ள கணு திரண்டு வீங்கும். ஆதலின் நெறி என்பது ஒரு தூது. தூதனைக் கண்டு அஞ்சுவதிற் பயனில்லை. எங்கிருந்து வந்தான் என்று கேட்டல் வேண்டும்.

தாடையின் கீழ் நெறி கட்டினால் வாயைத் திறக்கச் செய்து பற்களைப் பாருங்கள். சொத்தைப் பல் இருக்கும். தாடைக் கோணத்தின் அருகே கட்டினால் தொண்டையைப் பாருங்கள். பிடரியின் இருபுறமும் பாசிமணி போலச் சிறு நெறிகள் தென்பட்டால் தலைமயிரை விலக்கிப் பாருங்கள்; பேன் கடித்துச் சொறிந்த புண் இருக்கும். எங்கள் பாடசாலைகளிலே இந்த மூன்றாவது வகையே நான் மிகுதியாகக் கண்டது. அதற்கு மருந்து சீப்பும் பொறுமையும்.

தூதனுப்பிய நோய் தீர்ந்தால் நெறியும் இரண்டு மூன்று வாரத்திலே அடங்கும். அடங்காது நின்றால், அது வேறு செய்தி.

கண்டமாலை

சில ஆண்டுகளின் முன்னே, என் வகுப்பிலே ஒன்பதாந் தரத்து மாணவி ஒருத்தி, இரட்டைப் பின்னலையும் முன்னே எடுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். காரணம் பின்னே தெரிந்தது. கழுத்தின் வலப்புறத்திலே மூன்று நான்கு முடிச்சுகள், ஒன்றோடொன்று ஒட்டியபடி. நோவில்லை. நான்கு மாதமாகப் பற்றிட்டுப் பார்த்திருக்கின்றார்கள். தாயாரை அழைப்பித்துப் பேசினேன்.

"ஐயா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. பொம்பிளைப் பிள்ளை. புத்து எண்டு ஊருக்குத் தெரிஞ்சால் நாளைக்குச் சம்பந்தம் பேச ஏலாது" என்றார்.

"மறைச்சு வைச்சால் வத்துமோ தங்கச்சி? நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. என்னெண்டு தெரிஞ்சால்தானே பயப்பிடுறதோ விடுறதோ எண்டு பாக்கலாம்" என்றேன்.

மெல்லிய ஊசியினாலே சிறிது எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தார்கள். புற்றல்ல, காசநோய். நுரையீரலைப் பற்றாமற் கழுத்துக் கணுக்களைப் பற்றிய காசநோய். நம் முன்னோர் கண்டமாலை என்றது பெரும்பாலும் இதனையே.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியர் இதனை அரசன் தொட்டாற் குணமாகும் நோய் என்று நம்பினர். ஆங்கில அகராதி செய்த சாமுவேல் ஜோன்சன் குழந்தையாயிருந்தபொழுது, 1712இல் இலண்டனுக்குக் கொண்டுசென்று ஆன் அரசியாரின் கையாலே தொடுவித்தார்கள். அரசியார் தொட்டார், நோய் தீரவில்லை, கழுத்துத் தழும்பு வாழ்நாள் முழுவதும் நின்றது. 1882 மார்ச் 24இல் உறொபேட்டு கொக்கு என்னும் செர்மானிய அறிஞர் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தபின்பே நோயின் முதல் விளங்கியது. நோயையும் அதன் முதலையும் நாடிப் பின்னரே தணிக்கும் வழியை நாடுமாறு திருவள்ளுவர் வகுத்த முறைக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

இக்கிருமி உடம்பினுள்ளே ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, உடம்பு தளர்ந்த காலத்திலே எழும். அடைந்த இருப்பிடமும் ஊட்டக்குறைவும் அதற்கு உகந்தவை. வன்னி மக்கள் அவ்விரண்டையும் அறிந்தவர்கள். 2009இலே செட்டிகுளத்து முகாம்களிலே கூடாரத்தோடு கூடாரம் நெருங்கி வாழ்ந்தவர்களுக்கு அதனை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் மூன்று செய்திகளைச் சொல்லல் கடமை. கணுக்களை மட்டும் பற்றிய காசநோய் பிறருக்குத் தொற்றுவதன்று. நுரையீரலிலும் இருக்கின்றதா என்பதைச் சோதித்தாற் போதும், பிள்ளையைத் தனியே இருத்த வேண்டியதில்லை. மருந்து இலவசம், பொதுவாக ஆறு மாதம் தவறாது உண்ணல் வேண்டும். உண்ணத் தொடங்கியபின் சில வேளை முடிச்சு முன்னையினும் பெருக்கக்கூடும். அதுகண்டு மருந்தை நிறுத்துதல் கூடாது, வைத்தியரிடம் காட்டல் வேண்டும்.

அம்மாணவி ஆறு மாதமும் மருந்துண்டாள். பின்னல் முதுகுப்பக்கம் போயிற்று. சாதாரண தரப் பரீட்சைக்கும் தோற்றினாள். மறைத்தே வைத்திருந்தால், முடிச்சு உடைந்து புண்ணாகி வழிந்து, தாயார் எந்தத் தழும்பையும் பேச்சையும் அஞ்சினாரோ அதுவே வந்திருக்கும்.

கழலையும் ஆனையிறவு உப்பும்

கழுத்தின் முன்புறத்திலே, குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல அமைந்தது தைரொயிட்டுச் சுரப்பி. வாய்நீரை விழுங்கும்போது ஒரு வீக்கம் மேலேறி இறங்குமாயின் அது இச்சுரப்பியைச் சார்ந்தது. நாக்கை வெளியே நீட்டும்போது நடுக்கழுத்துக் கட்டி மேலேறுமாயின், கருவிலேயே அமைந்த ஒரு குழாயின் எச்சத்திலே நீர் கட்டியதாகலாம். பிள்ளைகளிடத்து இதனைக் காணலாம்.

தைரொயிட்டுச் சுரப்பி வேலை செய்ய அயடீன் வேண்டும். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்கிரோகிராம். வாழ்நாள் முழுவதற்கும் கூட்டினாலும் ஒரு தேக்கரண்டிக்குக் குறைவு. அவ்வளவு சிறிது கிடையாவிடினும் சுரப்பி, வருவாய் குறைந்த குடும்பத்தலைவன் கூடுதலாக உழைப்பதுபோல, உழைத்துப் பருத்துக் கழலையாகும். கழலை கண்ணுக்குத் தெரியும் கேடு. கண்ணுக்குத் தெரியாத கேடு அதனினும் பெரிது. கருவுற்ற தாய்க்கு அயடீன் குறைந்தாற் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும்.

இலங்கையிலே கழலை மலிந்திருந்தது மழை மிகுந்த தென்மேற்குப் பகுதியிலே. மழைநீர் மண்ணிலுள்ள அயடீனை அரித்துச் செல்வதை அதற்கு ஒரு காரணமாகக் கூறுவர். இமயச் சாரலிலே காங்கிராப் பள்ளத்தாக்கில் 1956இல் வி. இராமலிங்கசுவாமி முதலியோர் தொடங்கிய ஆராய்ச்சியிலே, அயடீன் சேர்த்த உப்பை உண்ட பகுதிகளிலே கழலை குறைந்தமை தெளிவாயிற்று. இலங்கையிலும் 1995 முதல் உண்ணும் உப்புக்கு அயடீன் சேர்த்தல் விதியாயிற்று. அக்காலத்திலே வன்னி போரிலும் பொருளாதாரத் தடையிலும் அகப்பட்டிருந்தது. 1938இல் தொடங்கிய ஆனையிறவு உப்பளமோ 1990 முதற் போரினால் மூடிக்கிடந்தது. மரவள்ளிக் கிழங்கே பல வீடுகளிற் பல வேளை உணவாயிற்று. மரவள்ளி, அயடீன் குறைந்தவிடத்து, சுரப்பி அயடீனை ஏற்பதை மேலும் தடுக்கும் இயல்புடையது.

"கடலருகே வாழ்கின்றோம், கடலுப்பை உண்கின்றோம், நமக்கு அயடீனுக்கு என்ன குறை?" என்று படித்தவரும் கேட்கின்றனர். கடல் மீனிலே அயடீன் உண்டு. கடலுப்பிலோ அது மிகச் சிறிதே. உப்பு விளையும்போது அயடீன் அதனோடு தங்குவதில்லை. ஆதலின் களப்போரத்திலே தானாய் விளைந்த உப்பை அள்ளிவந்து உண்போர் அயடீன் உண்டவராகார். அயடீன் சேர்த்த கல்லுப்பை வாங்கி, அழுக்குப் போக்குவதாக எண்ணிக் கழுவினாலும், மூடியில்லாச் சிரட்டையிலே அடுப்பருகே வைத்தாலும் அயடீன் குறைந்துவிடும். மூடிய சாடியிலே வைத்து, கறி இறக்கும் தறுவாயில் இடுதல் நன்று.

2025 மார்ச்சிலே ஆனையிறவில் மேசையுப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கே பொதியான உப்புக்கு இட்ட பெயர்பற்றி எழுந்த விவாதத்தைப் பத்திரிகை வாசிப்போர் அறிவர். பெயருக்காகப் பேசியது முறையே. நானும் பெயர்களைப் போற்றுபவன். அதே பொதியிலே அயடீன் என்னும் சொல் உண்டா என்று பார்க்கும் பழக்கமும் நமக்கு வருமாயின், அந்த விவாதம் முழுப்பயன் தந்ததாகும்.

கழலை கண்டவரெல்லாம் தாமே உப்பைக் கூட்டி உண்டு தீர்த்துவிடலாம் என்று கொள்ளற்க. தைரொயிட்டு வீக்கத்துக்கு வேறு காரணங்களும் உள. இரத்தச் சோதனையாலன்றி அவை விளங்கா.

எப்போது விரைதல் வேண்டும்

புற்றல்லாத வீக்கங்களே பல என்று கூறியது, எவரும் சோதனையின்றி இருந்துவிடலாம் என்பதற்காகவன்று. மூன்று வாரத்தின் மேலும் அடங்காத முடிச்சு, கல்லுப்போல் இறுகி அசையாத கட்டி, நாளுக்கு நாள் பெருத்து வருவது, முகத்தின் ஒரு பக்கம் கோணுதல், குரல் கம்முதல், விழுங்க இடர்ப்படுதல், காரணமின்றி மெலிதல், இரவில் வியர்த்தல். இவற்றுள் ஒன்று இருப்பினும் தாமதிக்கலாகாது. வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுருட்டுப் பழக்கமுள்ளவரும் நாற்பதைக் கடந்தவரும் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். வாயின் அடித்தளம் வீங்கி, நாக்கு மேலெழுந்து, காய்ச்சலோடு மூச்சும் முட்டுமாயின், விடியும்வரை காத்திருத்தலும் பிழை. அன்றிரவே செல்லல் வேண்டும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உண்டு. துணுக்காயிலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் ஒரு நாட்கூலியை இழந்து பேருந்தேறிச் செல்லல் எளிதன்று என்பதை நான் அறிவேன். ஆதலினாலேயே, எது காத்திருக்கத்தக்கது, எது காத்திருக்கலாகாதது என்னும் பகுத்தறிவு கொழும்பாரைவிட நமக்கு மிகுதியும் வேண்டும். பேன்புண் நெறிக்கு ஒரு நாளை இழத்தல் வேண்டா. மூன்று வாரம் நின்ற முடிச்சுக்கு ஒரு நாளைக் கணக்குப் பாராது இழத்தல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்துக்கு ஒரு முறை பிள்ளையின் தலைவாரும்போது கழுத்தையும் தடவிப் பாருங்கள். ஏதேனும் தென்பட்டால் முகம் மாறாதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தே பிள்ளை அஞ்சும். எங்கே, எத்தனை, நோவுண்டா, எத்தனை நாள் என்று கேட்டு, கண்டதை வைத்தியரிடம் அப்படியே கூறுங்கள். கூகைக்கட்டு, நெறி, கண்டமாலை, கழலை என்னும் சொற்களைப் பிள்ளைகளின் காதிலும் போட்டு வையுங்கள். பெயர் தெரிந்த பிள்ளை தன் கழுத்தைப் பின்னலால் மறைக்காது.